பள்ளிக்கு வேண்டாத 'தி' கோயிலுக்கு ஏன்?

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸ், காத்ர் போர்னிலிருந்து எழுதுகிறேன். என் பத்து வயது மகள் ஆங்கிலப் பாடத்தில் 'ஐ கோ டு தி ஸ்கூல்', 'வீ கோ டு டெம்பிள்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை முதல் வரியில் 'தி'யை அடித்துவிட்டு, இரண்டாவதில் சேர்த்திருக்கிறார். "சர்ச்சுக்கு 'தி' வேண்டாமாம், நம் கோயிலுக்கு மட்டும் ஏன்?" என்று அழாத குறையாகக் கேட்கிறாள். என்ன சொல்வது?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியை திருத்தியது சரி. ஆனால் உங்கள் மகள் கவனக்குறைவால் அப்படி எழுதவில்லை. நாள் முழுக்க, பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல் காதில் விழுகிற பிள்ளை அவள். 'மோ பே அல் லெகோல்' (நான் பள்ளிக்குப் போகிறேன்) என்கிறோமே, லெகோலின் முதல் எழுத்தில் இருப்பது ஆங்கில 'தி' போன்ற பிரெஞ்சு ஆர்ட்டிகிள், பெயரோடு ஒட்டிப்போய்விட்டது. வீட்டுக்கு லாகாஸ், கடலுக்கு லாமேர், எல்லாம் அப்படி வந்தவை. தண்ணீரை டிலோ என்கிறோம். அதில் பிரெஞ்சின் 'து', 'ல' இரண்டுமே கரைந்து கிடக்கின்றன. 'கோவில்' மட்டும் நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது கூடவே வந்த சொல். அதில் ஒட்டியது எதுவும் இல்லை. கேட்டபடியே குழந்தை எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

'கோ டு ஸ்கூல்' என்றால் படிக்கப் போவது. கட்டடம் அங்கே பேச்சில்லை. ஆசிரியையைப் பார்க்க நீங்கள் போனால் அது 'தி ஸ்கூல்'. என் அம்மா நோயில் படுத்திருந்தபோது அவர் 'இன் ஹாஸ்பிடல்'. மாலையில் பழப்பையும் வெந்நீர்க் குடுவையுமாகக் கட்டிலருகே நின்ற நான் 'அட் தி ஹாஸ்பிடல்'. அமெரிக்கர்கள் நோயாளிக்கும் 'தி' போடுவார்கள். நம் பிள்ளைகள் பின்னால் எழுதப்போவது கேம்பிரிட்ஜ் தேர்வு என்பதால் பிரிட்டிஷ் வழக்கையே பழகட்டும்.

ஆங்கிலேயரின் அன்றாடத்தில் ஊறிப்போன சில இடங்களுக்கே 'தி' உதிர்ந்தது: பள்ளி, சர்ச், சிறை, படுக்கை. கோயிலும் மசூதியும் அவர்கள் ஊரில் அப்படிப் புழங்கவில்லை. அதனால் பெரும்பாலும் 'தி' நின்றுவிட்டது. இந்தியாவில் பலர் 'கோ டு டெம்பிள்' என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. வெள்ளிதோறும் விளக்கேற்றப் போகிறவளுக்குக் கோயில் என்பது வழிபாடு, வெறும் கட்டடம் அல்ல. இலக்கணம் பள்ளிக்குக் கொடுத்த அதே நியாயம்தான் இது.

அவள் கேள்வி சரியான கேள்வி என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, தேர்வுத் தாளில் மட்டும் 'தி' போடச் சொல்லுங்கள்.