கேமில் பூட்டு, பென்டிரைவில் முரண்டு, டிவிடியில் மறுப்பு: லென்ஸ் மாற்றுவதற்கு முன்

கேள்வி: போன வருஷம் பெங்களூரில் ஒரு கடையில் பழைய பிஎஸ்4 ஸ்லிம் (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி) வாங்கினேன். '11 கேம் லோடு செய்து தரப்பட்டது' என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது 11 கேமிலும் பூட்டுப் படம் வருகிறது. டிஸ்க்கில் வாங்கிய இரண்டு கேம் மட்டும் ஓடுகின்றன. தங்கை கல்யாண வீடியோவை ஸ்டூடியோவில் 64 ஜிபி பென்டிரைவில் கொடுத்தார்கள். அதுவும் இதில் வரவில்லை. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த டிவிடிகளும் ஓடவில்லை. ரிப்பேர் கடையில் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் போய்விட்டது, மாற்ற 2,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இப்போதைக்கு லென்ஸைத் தொட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றில் கேமுக்கும் பென்டிரைவுக்கும் லென்ஸோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டிவிடிக்கு மட்டும் லேசான வாய்ப்பு உண்டு. அதையும் காசு செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துவிடலாம். பெட்டி உங்களுடையதுதான். ஆனால் கேமுக்கான அனுமதி ஓர் அக்கவுண்ட்டின் கையில், வீடியோவுக்கான அனுமதி அதைச் சுருக்கும் தொழில்நுட்பத்தின் காப்புரிமைக்காரர்கள் (பேடண்ட் வைத்திருப்பவர்கள்) கையில், டிவிடிக்கான அனுமதி உலகத்தையே கூறுபோட்டு வைத்திருக்கும் பட நிறுவனங்கள் கையில் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு பூட்டு என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேமில் விழுந்த பூட்டு

சோனியின் இணையக் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கும் கேம் பெட்டிக்குச் சொந்தமாவதில்லை, வாங்கிய அக்கவுண்ட்டுக்குத்தான் சொந்தம். ஓர் அக்கவுண்ட் ஒரே ஒரு பிஎஸ்4-ஐத் தன் 'ப்ரைமரி' என்று பதிந்துகொள்ளலாம். அந்தப் பெட்டியில் யார் உட்கார்ந்து விளையாடினாலும், நெட் இல்லாவிட்டாலும், அந்த அக்கவுண்ட்டின் கேம்கள் ஓடும். உங்களுக்கு எட்டு மாதம் ஓடியது இப்படித்தான்: கடைக்காரரோ அவருக்கு விற்றவரோ தன் அக்கவுண்ட்டை உங்கள் பெட்டியில் ப்ரைமரி ஆக்கிவிட்டுக் கொடுத்திருக்கிறார். பிறகு இணையம் வழியாக எல்லாச் சாதனங்களையும் ஒரேயடியாக விடுவித்து, அதே அக்கவுண்ட்டை அடுத்த வாடிக்கையாளரின் பெட்டியில் ப்ரைமரி ஆக்கியிருப்பார். இப்படி விடுவிப்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய முடியும். அதன் பிறகு உங்கள் பெட்டி அடுத்த முறை நெட்டில் சேர்ந்ததும் பூட்டு விழுந்துவிடும். கேம் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். திறக்க மட்டும் முடியாது.

இதை உறுதி செய்துகொள்ள, பெட்டியைப் போட்டதும் வரும் பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயரைத் தவிர வேறு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பெயரில் நுழைந்து செட்டிங்ஸ், அக்கவுண்ட் மேனேஜ்மெண்ட், 'ரெஸ்டோர் லைசென்சஸ்' வரை போய்ப் பார்க்கலாம். பெரும்பாலும் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும். உங்கள் சொந்த அக்கவுண்ட்டில் எத்தனை முறை ரெஸ்டோர் கொடுத்தாலும் அடுத்தவர் வாங்கிய கேம் திறக்காது. பாஸ்வேர்டு கிடைத்தாலும் நிம்மதி இல்லை. அக்கவுண்ட்டைக் கைமாற்றுவது சோனியின் விதிமுறைப்படியே செல்லாது, முதலில் திறந்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம். 'ஐடியோடு கேம்' என்று விற்பது வாடகை வீட்டை கிரயம் பண்ணிக் கொடுப்பது மாதிரிதான்.

பூட்டுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவில் மாதாமாதம் வந்த கேம்கள் சந்தா தீர்ந்ததும் பூட்டிக்கொள்ளும், சந்தா கட்டினால் திறக்கும். இன்னொன்று பழைய பெட்டிகளில் கடிகார பேட்டரி தீர்வது. உள்ளே இருப்பது சாதாரண சிஆர்2032 வட்ட பேட்டரிதான். அது தீர்ந்து தேதி குழம்பினால், நெட் இல்லாதபோது கேம் மறுக்கும் கோளாறு ஒரு காலத்தில் இருந்தது. 2021-ல் வந்த 9.00 அப்டேட்டில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். உங்களுக்கு டிஸ்க் கேம்கள் ஓடுவதால் அது இல்லை.

டிஸ்க் கேம் ஏன் ஓடுகிறது? அதில் அனுமதி டிஸ்க்கிலேயே இருக்கிறது. கேம் முழுக்க ஹார்ட் டிஸ்க்கில் ஏறியிருந்தாலும் தொடங்கும்போது டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும் என்பது அதனால்தான். அதை நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், ஒருவரும் கேட்க முடியாது. 2013-ல் தன் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு, டிஸ்க் கேமானாலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டி நெட்டில் தலைகாட்டியே ஆக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஜூன் மாதத்திலேயே பின்வாங்கியது. அன்று டிஸ்க் தப்பித்தது. இப்போது நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் 'கேம்-கீ கார்டு'களில் கேமே இல்லை. கார்டு வெறும் சாவி, கேமை நெட்டில்தான் இறக்க வேண்டும். இனி டப்பா வாங்கும்போது அட்டையில் உள்ள பொடி எழுத்தையும் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டிஸ்க்கிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். பிஎஸ்4 டிஸ்க் எந்த நாட்டில் வாங்கியதானாலும் ஓடும். ஆனால் அதற்கான கூடுதல் பகுதிகளை ஸ்டோரில் வாங்கினால் இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். டப்பாவின் முதுகில் சி.யூ.எஸ்.ஏ. என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணைப் பாருங்கள். ஸ்டோர் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் முகவரிப் பட்டையிலும் அதே மாதிரி எண் தெரியும். இரண்டும் பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். பணம் போகும், டிஸ்க் அதைக் கண்டுகொள்ளாது.

அந்த 11 கேமுக்கு என்ன வழி? பெட்டியை இனிஷியலைஸ் (எல்லாவற்றையும் அழித்துப் புதுசுபோல் ஆக்குவது) செய்யாதீர்கள், அந்த அந்நியப் பெயரையும் அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி. பூட்டுப் படத்தோடு திரையைப் போட்டோ எடுத்து, பில்லையும் ஸ்கேன் செய்து வையுங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸப் போதும். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கடை பெங்களூரில் இருந்தாலும் உங்கள் மாவட்டமான கிருஷ்ணகிரியில் போட்டால் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில்லில் '11 கேம்' என்று எழுதி வாங்கியது நல்ல காரியம். பில் இல்லாமல் யாரோ ஒருவர் தன் வீட்டுப் பழைய பெட்டியை விற்றிருந்தால் இந்தச் சட்டம் உதவாது, அவர் வியாபாரி அல்ல.

'ஜெயில்பிரேக் பண்ணித் தருகிறேன், எல்லா கேமும் ஓடும்' என்று சோனியின் பூட்டை உடைத்துத் தர யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். அப்டேட் போட முடியாது, நெட்டில் சேர்ந்தால் பெட்டியையே தடை செய்துவிடுவார்கள். உரிமை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 65ஏ பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

கல்யாண வீடியோ

இது முழுக்க உங்கள் கையில் இருக்கும் வேலை. பென்டிரைவை கம்ப்யூட்டரில் செருகி, வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் என்டிஎஃப்எஸ் என்று இருந்தால் பிஎஸ்4-க்கு அப்படியொரு பென்டிரைவ் செருகியிருப்பதே தெரியாது. அது படிப்பது ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டை மட்டும். ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, கல்யாண வீடியோ கட்டாயம் தாண்டும். ஆகவே எக்ஸ்ஃபேட். ஃபார்மேட் செய்வதற்கு முன் வீடியோவை கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்துவிடுங்கள். ஸ்டூடியோக்காரர் அசலை எத்தனை நாள் வைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஃபார்மேட்டை கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். பிஎஸ்4-ல் 'எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்' என்று ஒரு வசதி உண்டு. அது 250 ஜிபிக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்கில் கேம் ஏற்றுவதற்கு. வீடியோ வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் அதைக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும்.

பென்டிரைவ் தெரிந்து, வீடியோ மட்டும் ஓடவில்லை என்றால் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைதான் பிரச்சினை. ஃபைலை கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்து கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் என்ற வரியில் எச்264 என்று இருக்கிறதா, ஹெச்இவிசி அல்லது எச்265 என்று இருக்கிறதா? இப்போது கேமராவும் எடிட்டிங் மென்பொருளும் எச்265-ல்தான் அதிகம் தருகின்றன, பாதி அளவில் அதே தெளிவு கிடைக்கும் என்பதால். அந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை பல நிறுவனங்களிடம் சிதறி, ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் தனித்தனியாக உரிமத்தொகை கேட்கின்றன. விண்டோஸிலேயே அதை இயக்கும் துணைநிரலை மைக்ரோசாஃப்ட் தனியாகக் காசுக்கு விற்பது அதனால்தான். 2013-ல் வந்த பிஎஸ்4-ன் மீடியா பிளேயர் பட்டியலில் எச்265 இல்லவே இல்லை. அது ஏற்பது எச்264, ஹை ப்ரொஃபைல், லெவல் 4.2 வரை. அதாவது 1920×1080-க்கு மேல் போகாது. ட்ரோன் காட்சியோடு 4கே-யில் கொடுத்திருந்தால் எச்264 ஆனாலும் மறுக்கும். ஒலியில் ஏஏசி, எம்பி3, ஏசி-3 ஓடும். டிடிஎஸ் பட்டியலில் இல்லை.

சுலபமான வழி ஸ்டூடியோவிடம் திரும்பக் கேட்பது. 'டிவியில் ஓடுற மாதிரி கொடுங்கண்ணா' என்றால் மறுபடி எதையாவது தருவார். இப்படி எழுதிக் கொடுங்கள்: எம்பி4, எச்264, ஹை 4.2, 1920×1080, 15 எம்பிபிஎஸ், ஏஏசி ஸ்டீரியோ 48 கிலோஹெர்ட்ஸ். மூன்று மணி நேர வீடியோ ஏறக்குறைய 20 ஜிபி வரும், உங்கள் பென்டிரைவில் தாராளமாகக் கொள்ளும்.

நீங்களே மாற்றுவதென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலைத் திறந்து 'ஃபாஸ்ட் 1080பி30' முன்னமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ பகுதியில் என்கோடர் எச்.264 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 22-லிருந்து 20 ஆக்குங்கள். பட்டுச் சேலையின் சரிகை மங்காமல் வரும். முழு வீடியோவையும் உடனே ஓட விடாதீர்கள். முதலில் இரண்டு நிமிடத் துண்டு மட்டும் மாற்றி, பிஎஸ்4-ல் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு இரவு முழுக்க ஓட விடுங்கள். பழைய லேப்டாப் என்றால் விடிந்தும் முடியாமல் இருக்கலாம். முடிந்த ஃபைலை ஆங்கிலப் பெயரிட்ட ஒரு ஃபோல்டருக்குள் வையுங்கள். மீடியா பிளேயர் ஆப் உங்கள் பெட்டியில் இல்லாவிட்டால் ஸ்டோரில் இலவசம்.

உங்கள் வீட்டு டிவி 4கே என்றால், பென்டிரைவை டிவியின் யூஎஸ்பியிலேயே செருகிப் பாருங்கள். பெரும்பாலான 4கே டிவிகள் எச்265-ஐச் சிரமமில்லாமல் ஓட்டும். இவ்வளவு பாடும் தேவையே இருக்காது.

மாமாவின் டிவிடி

டிவிடியில் உலகத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா 5, துபாய் 2. சிங்கப்பூர், மலேசியா 3, அமெரிக்கா 1. அட்டையின் பின்புறம் சின்ன உலக உருண்டைக்குள் எண் இருக்கும். பிஎஸ்4 விற்கப்பட்ட நாட்டின் எண் அதற்குள்ளேயே பதிந்திருக்கும், மாற்ற முடியாது. கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் ஐந்து முறை மாற்றலாம், ஐந்தாவது முறை வைத்ததுதான் கடைசி வரை. ப்ளூ-ரே தனிக் கணக்கு: இந்தியா சி, துபாய் பி, சிங்கப்பூர் ஏ. ஆடியோ சிடியும் விசிடியும் பிஎஸ்4-ல் ஓடவே ஓடாது, அதற்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

லென்ஸ் சோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேம் டிஸ்க் ப்ளூ-ரே வகை, 405 நானோமீட்டர் ஊதா லேசர் படிக்கிறது. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இரண்டும் ஒரே தலையில் உட்கார்ந்திருந்தாலும் தனித்தனி. எனவே 'கேம் ஓடுகிறது, ஆகவே லென்ஸ் நன்றாக இருக்கிறது' என்றும் அடித்துச் சொல்ல முடியாது. 'டிவிடி ஓடவில்லை, ஆகவே லென்ஸ் போச்சு' என்பதும் அவசரம்.

முதலில் போனின் ஹாட்ஸ்பாட்டில் பெட்டியை நெட்டில் சேருங்கள். டிவிடி, ப்ளூ-ரே ஓட்டும் வசதியை பிஎஸ்4 ஒருமுறை நெட் வழியாகச் செயல்படுத்திக்கொள்ள வேண்டும். விற்பதற்கு முன் இனிஷியலைஸ் செய்த பெட்டி என்றால் அது மறுபடி தேவைப்படும். பிறகு நம் ஊரில் வாங்கிய அசல் தமிழ்ப் பட டிவிடி ஒன்றை, உருண்டைக்குள் 5 அல்லது 'ஆல்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துப் போடுங்கள். அது ஓடினால் லென்ஸில் குறையில்லை, மாமாவின் டிவிடிகள் பகுதி எண்ணால் நிற்கின்றன. டிவிடி என்று அடையாளம் கண்டு, திறக்கும்போது மறுத்தாலும் அதே கதைதான். உள்ளூர் டிவிடியையும் நீண்ட நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அடையாளமே தெரியவில்லை என்றால்தான் லென்ஸ். ஸ்லிம்முக்கு வேண்டியது கெம்-496 வகை லென்ஸ் தலை. பழைய தலையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு, கடையிலேயே ஒரு கேம் டிஸ்க், ஒரு டிவிடி இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு 2,500-ஐ எண்ணிக் கொடுங்கள்.