குர்ஆன் சொல்லும் ஆயிரம் ஆண்டு நாள், ஐன்ஸ்டீன் சொன்ன கால விரிவுதானா?

இல்லை என்பதே என் பதில். (கால விரிவு என்பது வேகத்தாலோ ஈர்ப்பாலோ ஒருவருக்குக் காலம் மற்றவரைவிட மெதுவாக ஓடுவது.) குர்ஆனை இறைவேதமாக நம்பி ஓதுகிறவனாகவே இதைச் சொல்கிறேன்.

இறைவனிடம் ஒரு நாள் என்பது நீங்கள் எண்ணும் ஆயிரம் ஆண்டுகளைப் போன்றது என்கிறது 22:47 (22-ம் அத்தியாயம், 47-ம் வசனம்). வானவர்கள் ஏறிச் செல்லும் நாளுக்கு ஐம்பதாயிரம் ஆண்டு அளவு சொல்கிறது 70:4. இந்த எண்களை ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கை தரும் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. விடையும் வரும்: பயணிக்கு ஒரு நாள் கழியும்போது பூமியில் ஆயிரம் ஆண்டு கழிய, அவர் ஒளியைவிட நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் மட்டும் குறைந்த வேகத்தில் போக வேண்டும். ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும் அந்தச் சூத்திரம் ஏதோ ஒரு வேகத்தைத் தரத்தான் செய்யும். அதை வைத்து என்னத்தை நிரூபிப்பது? 22:47-ஐ முழுதாக ஓதிப் பாருங்கள். வேதனையைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லி அவசரப்படுத்தியவர்களுக்கான பதில் அது. அங்கே பேச்சு அல்லாஹ்வின் வாக்கைப் பற்றியது, வேகத்தைப் பற்றியது அல்ல.

இயற்பியலில் காலம் மாறுபடுவதற்குக் காரணம் வேகமும் ஈர்ப்பும். 1971-ல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற விஞ்ஞானிகள் இருவரும் சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டால், கிழக்கே போனவை சுமார் 59 நானோநொடி பின்தங்கின, மேற்கே போனவை சுமார் 273 நானோநொடி முந்தின. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரங்களும் நாளுக்குச் சுமார் 38 மைக்ரோநொடி முந்துவதால், அதைச் சரிசெய்துதான் அனுப்புகிறார்கள்.

இப்போது 2:259-க்கு வாருங்கள். பாழடைந்த ஊரைக் கடந்து போன ஒருவரை அல்லாஹ் நூறு ஆண்டுகள் மரணிக்கச் செய்து எழுப்புகிறான். ஒரு நாள் அல்லது அதில் கொஞ்ச நேரம் இருந்திருப்பேன் என்கிறார் அவர். உணவும் பானமும் கெடவே இல்லை. கழுதையோ எலும்பாகக் கிடந்தது என்பது குர்ஆனுக்கு விளக்கம் எழுதியவர்கள் பலரின் கருத்து. பக்கத்துப் பக்கத்தில், ஒரே ஈர்ப்பில், அசையாமல் இருந்த இரண்டுக்கும் சார்பியல்படி ஒரே அளவு காலம்தான் கழிந்திருக்க வேண்டும். ஐன்ஸ்டீனை எவ்வளவு இழுத்தாலும் இங்கே எட்டாது. அல்லாஹ் நாடினான், உணவு அப்படியே இருந்தது. அத்தாட்சி என்றால் அதுதானே!

ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் எங்கும் ஒரே சீராக ஓடும் காலம் என்ற நியூட்டனின் கருத்து 1905-லேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஆகவே, காலத்துக்கு வேறு கணக்கு எப்படி இருக்க முடியும் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு மட்டும் தாராளமாக இயற்பியலைக் காட்டலாம்.