அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 13-லிருந்து 16-க்கு மாற்றியபின் குவெரிகள் இழுப்பது ஏன்?

"அப்கிரேடு பிழையின்றி முடிந்தது. ஆனால் நொடியில் வந்த ரிப்போர்ட் இப்போது நிமிடக்கணக்கில் ஓடுகிறது, சிபியு உச்சத்தில் நிற்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனே இன்ஸ்டன்ஸ் (சர்வர்) அளவைக் கூட்டிவிடாதீர்கள், காசுதான் கரியாகும். மேஜர் அப்கிரேடுக்கு அமேசான் பயன்படுத்துவது பிஜி_அப்கிரேடு (pg_upgrade) என்ற கருவி. 18-க்கு முந்தைய பதிப்புகளுக்கு மாறும்போது அது டேபிள்களைக் கொண்டுவரும். ஆனால் குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானர் நம்பியிருக்கும் புள்ளிவிவரங்களைக் கொண்டுவராது. எந்த டேபிளில் என்ன மாதிரி தரவு இருக்கிறது என்று தெரியாமல் பிளானர் குத்துமதிப்பாகத் திட்டம் போடுகிறது.

மெதுவான குவெரி ஒன்றை எக்ஸ்பிளைன் அனலைஸ் (குவெரியை ஓட்டி அதன் திட்டத்தைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். மதிப்பிட்ட ரோ 1, உண்மையில் வந்தது லட்சக்கணக்கில், மேலே ஒரு நெஸ்டட் லூப் (ஒரு பக்கத்தின் ஒவ்வொரு ரோவுக்கும் மறுபக்கத்தைத் திரும்பத் திரும்பத் தேடும் முறை) என்று இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

ஒவ்வொரு டேட்டாபேஸிலும் நுழைந்து, புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள். பின்னணியில் தானாக ஓடும் பராமரிப்பு வேலையான ஆட்டோவேக்குவம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம். ரோக்கள் போதிய அளவு மாறினால்தான் அது ஒரு டேபிளைத் தொடும். பழைய தரவு மட்டுமே கிடக்கும் டேபிள் அப்படியே கிடக்கும். டேட்டாபேஸ் பெரியது என்றால் வேக்குவம்டிபி (vacuumdb) என்ற கருவியில் அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் ஆப்ஷன் இருக்கிறது: முதலில் தோராயமான கணக்கு சீக்கிரம் கிடைக்கும், அப்புறம் துல்லியமாகும்.

எக்ஸ்டென்ஷன்களும் (போஸ்ட்கிரெஸில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள்) பெரும்பாலும் தானாகப் புதுப்பிக்கப்படாது. அவற்றுக்குத் தனியாக ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட் கொடுக்க வேண்டும்.