மகனின் கூடைப்பந்து பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, ரெய்க்யனெஸ்பைரில் உள்ள ஒரு தரவு மையத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், திருச்சியில் பள்ளி அணிக்காகக் கூடைப்பந்து ஆடும் 11 வயது மகனோடு வரும் கோடையில் ஐஸ்லாந்துக்கு வரவிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சம்பளம், வாடகை, குளிர், மரக்கறி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசி வரியில், 'அங்கே வளர்ந்தால் அவன் பெரிய ஆட்டக்காரனாக வர முடியுமா?' என்றும் கேட்டிருந்தீர்கள். சம்பளத்தையும் வாடகையையும் வேலை தருபவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மரக்கறி கிடைக்கும், விலைதான் அதிகம். குளிரைவிடக் காற்று கொடியது. கடைசி வரிக்குத்தான் நான் பதில் சொல்ல விரும்புகிறேன்.

2007 ஓகஸ்டில் நாங்கள் வந்திறங்கிய நாளை உங்கள் கேள்வி நினைவுக்குக் கொண்டுவந்தது. நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகள் உழைத்திருந்த நானும் கணவரும், ஐஸ்லாந்துக் குரோனாவின் அன்றைய மதிப்பை நம்பி, 10 வயது மகனோடு, ரெய்க்யனெஸ்பைரின் ஒரு பகுதியான நியார்த்விக்குக்கு வந்தோம். வீடு தருவதாகச் சொன்ன வேலைத்தளம், மீன்பெட்டிகள் அடுக்கியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அறையைக் காட்டி, அதற்கும் சம்பளத்தில் காசைக் கழித்துக்கொண்டது. அந்த அறையில் இருக்கப் பிடிக்காத மகன், பள்ளி விட்டதும் விளையாட்டு மண்டபத்தின் வாசலில் போய் நிற்பான். சிங்கக் கெபி என்று பொருள்படும் பெயரால் ஊரார் அழைத்த மண்டபம் அது. உள்ளே போகிறவர்கள் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, இவையும் எங்களைப் போலத்தான்" என்று சொன்னான்.

அந்தப் பருவத்தில் அங்கே நியார்த்விக் கழகத்தின் முதல் கூடைப்பந்து அணியைப் பயிற்றுவித்தவர் டெய்டுர் ஒர்லிக்சோன். ஒர்லிகுரின் மகன் என்பதே அந்தப் பெயரின் பொருள். குடும்பப் பெயர் இல்லாமல் தகப்பன் பெயரோடு நிற்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 1967இல் பிறந்த அவர் நியார்த்விக் அணியில் ஆடி 10 முறை ஐஸ்லாந்துச் சாம்பியன் பட்டம் வென்றவர். நான்கு முறை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானவர். 1996இல் கிரேக்கத்தின் லாரிசா அணிக்குப் போய் ஒரு பருவம் ஆடிவிட்டு ஊர் திரும்பி, 1998, 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று பட்டங்கள் பெற்றார். இத்தனை வென்ற ஒருவருக்கே வெளிநாட்டு ஆட்டம் ஒரேயொரு பருவம்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். 218 செ.மீ. உயரமான பெதுர் குத்மண்ட்சோன் 1981இல் போர்ட்லாந்து அணியில் சேர்ந்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஐஸ்லாந்தவர் ஆனார். யோன் ஆர்னோர் ஸ்டெபான்சோன் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நெடுங்காலம் ஆடினார். அப்படிப் போனவர்கள் சிலரே. இங்குள்ள ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். ஆகையால் மகனின் பந்தை நம்பிப் பிழைப்புக் கணக்குப் போட வேண்டாம்.

டெய்டுரின் பயிற்றுநர் வாழ்க்கையும் நேர்கோட்டில் போகவில்லை. சொந்த ஊர் அணியோடு அந்த ஒரு பருவம் முடிந்ததும் விலக நேர்ந்தது. 2008 ஒக்டோபரில் இந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரு வாரத்துக்குள் வீழ்ந்தன. குரோனாவின் மதிப்பு ஏறத்தாழப் பாதியானது. நான் யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்கு அனுப்பிய காசும் அப்படியே சுருங்கியது. கழகங்கள் பல வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றி அவர்களைத் திருப்பி அனுப்பின. அந்தக் குளிர்காலத்தில்தான் டெய்டுர், அதுவரை பெரிய கிண்ணம் எதையும் வென்றிராத, கார்தபைர் ஊரின் ஸ்டியார்னன் அணியைப் பொறுப்பேற்றார். 2009 பெப்ரவரியில் ஐஸ்லாந்துக் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டத்தில், அந்த ஆண்டின் லீக் சாம்பியனாக முடிந்த, தலைநகர் ரெய்க்யவிக்கின் கே.ஆர். அணியை அவர்கள் வென்றார்கள். வன்னியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வராதா என்று நான் இரவும் பகலும் காத்திருந்த மாதம் அது. என் முகத்தைப் பார்க்கப் பயந்து வானொலிச் செய்தியைக் குறைத்துவைத்துக்கொண்டே நடமாடிய மகன், அன்று மட்டும் தொலைக்காட்சியின் முன் எழுந்து நின்று கத்தினான். நான் அவனைக் கண்டிக்கவில்லை. 2013இல் டெய்டுரின் அணி கிரிண்டவிக் ஊரின் அணியை வென்று மீண்டும் அந்தக் கிண்ணத்தை எடுத்து, அதே கிரிண்டவிக்கிடம் சாம்பியன் பட்டத்தை இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் இழந்தபோது, அவன் அந்த ஐந்து ஆட்டங்களையும் எனக்கு ஐஸ்லாந்து மொழியிலேயே விளக்கினான், எனக்கும் விளங்கியது.

என் முக்கியமான எச்சரிக்கை மொழியைப் பற்றியது. இங்கே எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், அதனாலேயே ஆபத்தும்கூட. 15 வருடம் இங்கிருந்தும் இந்த மொழியில் ஒரு வசனம் சேர்த்துப் பேசாமல், 'இவர்கள் நம்மோடு ஒட்ட மாட்டார்கள்' என்று குறை சொல்கிற நம்மவர்களை நான் அறிவேன். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளையின் பந்தைப் பிடுங்கி அலுமாரியில் பூட்டுகிறவர்களும் அவர்களுள் உண்டு. அதை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. டெய்டுரின் ஸ்டியார்னனில் ஆடிய ஜஸ்டின் ஷவுஸ் என்ற அமெரிக்கர், 2005இல் சில நூறு பேர் மட்டும் வாழும் வீக் என்ற கிராமத்தின் அணிக்கு வந்து இறங்கியவர். பின்னர் குடியுரிமை பெற்று இந்நாட்டவராகவே ஆனார். ஆங்கிலத்தில் பிறந்தவரே அப்படி இருந்துகாட்டியிருக்கும்போது, நமக்கு என்ன தடை?

அதனால் மகனைச் சேர்த்துவிட்டு வாகனத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்காதீர்கள். பெற்றோரும் உழைத்தால்தான் இங்கே கழகங்கள் நடக்கும். பயணச் செலவுக்குக் காசு சேர்க்கப் பிள்ளைகள் வீடு வீடாகக் கழிவறைக் காகிதம் விற்பார்கள்; வெட்கப்படாமல் நீங்களும் கூடப் போங்கள். சிறுவர் போட்டிகளுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்து பள்ளி வகுப்பறைகளில் படுத்துறங்குவார்கள். அவர்களுக்குக் காலை உணவு பரிமாற ஆள் தேவைப்படும். நான் முதலில் பாண் வெட்டிக்கொடுத்தேன். பின்னர் புள்ளி எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். இன்றுவரை அங்கேதான் உட்காருகிறேன். தவறாக ஊதப்பட்ட விசிலுக்கு என் பக்கத்தில் இருப்பவர் என்னிடம்தான் முறையிடுகிறார்.

கழகக் கட்டணத்தில் ஒரு பகுதியை நகரசபை ஆண்டுதோறும் பிள்ளைக்குத் தரும். அதை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும், தானாக வராது. கெப்லவிக் பக்கம் வீடு கிடைத்தால் மகன் நீலச் சட்டை அணிவான், எங்கள் பக்கம் கிடைத்தால் பச்சை. 1994இலேயே ஒரே நகரசபையாக இணைந்துவிட்டாலும் இந்த இரண்டு ஊரும் கூடைப்பந்தில் இன்னும் இணையவில்லை. எங்கள் பக்கத்தில் தேடுங்கள், தம்பி. மண்டபத்துக்கென்று தனியாக ஒரு சோடி சப்பாத்தைத் திருச்சியிலிருந்தே கொண்டுவாருங்கள்.