தலைக்குப் பூசும் மருந்து நெஞ்சைப் படபடக்க வைக்குமா?

கிளிநொச்சியிலிருந்து 28 வயதுத் தம்பி ஒருவர் கேட்கிறார்: "முடி முளைக்க மூன்று மாதமாகத் தலைக்கு மினோக்சிடில் 5% பூசுகிறேன். முகநூலில் பார்த்துப் பாசலில் எடுப்பித்தது. இரண்டு கிழமைக்கு ஒருக்கா சலூனில் தலையை டெர்மா ரோலர் என்கிற ஊசி உருளையால் உருட்டி, உடனே அதே மருந்தைப் பூசிவிடுவார்கள். இப்போது இரவில் படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பின்னேரமானால் செருப்பு இறுகுகிறது. இதயத்தில் ஏதும் வந்துவிட்டதா? நிறுத்தினால் முளைத்த முடியும் கொட்டிவிடுமா?"

தம்பி, முதலில் இன்றிரவு அதைப் பூசாமல் விடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

மினோக்சிடில் முடிக்காக வந்த மருந்து இல்லை. அது கடும் பிறசருக்குக் கொடுத்த குளிசை. அமெரிக்காவில் 1979 இல் அனுமதி பெற்றது. குடித்தவர்களுக்குக் கை, முகம் எல்லாம் மயிர் முளைக்கவே, அதைத் திரவமாக்கித் தலைக்குப் பூச 1988 இல் அனுமதித்தார்கள். அதன் வேலை இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது. குழாய் தளர்ந்தால் பிறசர் இறங்கும். அதை ஈடுகட்ட இதயம் விரைவாக அடிக்கும், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும். உங்கள் படபடப்பும் செருப்பு இறுகுவதும் இந்த இரண்டாலும் வரக்கூடியவைதான்.

ஆனால் ஒழுங்காகப் பூசுகிற பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை. 5% திரவத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. காலையும் இரவும் ஒவ்வொரு மில்லிலீற்றர் பூசினால் நாளுக்கு 100 மில்லிகிராம். காயமில்லாத தோல் வழியே அதில் சராசரியாக 1.4 சதவீதம் அளவில்தான் உடம்புக்குள் போகும், அதாவது ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. பிறசருக்குக் குடிப்பவர்களுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை தேவைப்படும்.

நான் சொன்னது காயமில்லாத தோலுக்கு. உங்கள் தலைத்தோல் அப்படியில்லை. ரோலர் என்பது நூற்றுக்கணக்கான நுண்ணிய ஊசிகள் பதித்த உருளை. அது உருண்டுபோன இடமெல்லாம் தோலில் துளை விழும். அந்தத் துளை மூடுவதற்கு முன் மருந்தை ஊற்றினால் மேலே சொன்ன 1.4 சதவீதக் கணக்கு செல்லாது. எவ்வளவு உள்ளே போனது என்று சலூன்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொறிந்து புண்ணான தலை, வெயிலில் எரிந்த தலை, சவரக் கத்தி கீறிய தலை எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. பூசிய கையோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏ9 வீதியில் ஓடுவதும் நல்லதல்ல. மூடிய தோல் கூடுதலாக உறிஞ்சும். ரோலர் போட்ட அன்று மருந்து கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, ஆனால் "உள்ளே போனால்தானே வேலை செய்யும்" என்று சொல்பவருக்குத்தான் ஆட்கள் கூடுகிறார்கள்.

அடுத்தது அந்தப் போத்தல். இப்படி வருகிற போத்தல்களைப் பார்த்திருக்கிறேன்: போட்டோக் கொப்பி எடுத்து ஒட்டிய லேபல், தொகுதி இலக்கம் இல்லை, காலாவதித் திகதி இல்லை, மூடியில் சீல் இல்லை. சிலதில் "மூலிகை" என்று எழுதியிருக்கும். திறந்தால் ஸ்பிரிட் மணக்கும். 5% என்று அதில் எழுதியிருப்பதை நம்பி மேலே நான் போட்ட கணக்கும் வீண்தான். பதிவில்லாத மருந்தை விற்கக் கூடாது என்று 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பாமசிக்குப் பரிசோதகர் வருவார், குளிரூட்டியில் வெப்பநிலை பார்ப்பார். பாசலில் விற்பவனின் வீட்டுக்கு யார் போவது? அவன் உங்களுக்குப் பிறசர் இருக்கிறதா, சிறுநீரக வருத்தம் இருக்கிறதா என்று கேட்டானா? வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். அப்படி வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பூசிப் பயன் இல்லாவிட்டால் அந்தப் பிறசர் குளிசையை நாலாக உடைத்துக் குடி என்று சொல்கிற தரகர்களும் உண்டு. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கே பிறசர் ஏறும்.

சரி, இப்போது செய்யவேண்டியது. நிறுத்தி நாலைந்து நாளில் உடம்பிலிருந்து பெரும்பகுதி மருந்து வெளியேறிவிடும். படபடப்பும் அதோடு குறையவேண்டும். காலையில் எழும்பி, தேத்தண்ணீர் குடிக்கமுன் உட்கார்ந்தபடி மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். நூறைத் தாண்டியே நின்றாலும், நிறை திடீரென இரண்டு கிலோ ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் காத்திருக்கவேண்டாம், 1990 க்கு எடுங்கள்; அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. எக்கோ என்கிற இதய ஸ்கான் தேவை என்றால் திகதி எப்போது கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள்.

போகும்போது போத்தலையும் கொண்டுபோங்கள். தலைக்கு என்ன பூசுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, இதய நோய் என்று நினைத்து அலைகிறவர்கள் உண்டு. அத்தோடு தைரொயிட் இரத்தப் பரிசோதனை ஒன்றையும் கேளுங்கள். தைரொயிட் கூடினால் முடியும் கொட்டும், நெஞ்சும் படபடக்கும். அப்படியிருந்தால் குற்றவாளி மருந்தே இல்லாமலும் இருக்கலாம்.

முளைத்த முடியா? கொட்டும். நிறுத்தி மூன்று நாலு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். நாடி சரியாகி, பரிசோதனைகளும் சரியென்றால், தோல் வைத்தியர் ஒருவரிடம் கேட்டு, பாமசியில் சீல் உடைக்காத போத்தல் வாங்கி, ரோலர் இல்லாமல் மறுபடி தொடங்கலாம்.