ராத்திரி அங்கே யார் படுப்பார்கள்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. நானும் அவரும் மட்டும்தான். மணி என்று ஒரு வெள்ளைப் பாம் (பொமரேனியன்) நாய், 6 வயது. சென்னையில் மகளுக்கு மே கடைசியில் பிரசவம். 12 நாள் போயாக வேண்டும். மாப்பிள்ளை வீடு மூன்றாவது மாடி, நாயைக் கூட்டி வரவேண்டாம் என்கிறார்கள். பாலக்காட்டில் ஒரு போர்டிங்கில் நாளுக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள். 10 நாளுக்கு மேல் விட்டால் குளிப்பாட்டி, முடியை ஒட்ட வெட்டி 'சம்மர் கட்' இலவசமாம். பொள்ளாச்சியில் விடலாம் என்கிறார் இவர். தோப்பில் வேலை செய்யும் மாராத்தா, "காலையும் சாயங்காலமும் வந்து சோறு வெச்சுட்டுப் போறேங்க" என்கிறாள். எங்களை விட்டு ஒரு ராத்திரிகூட அவன் இருந்ததில்லை. என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை)

பதில்: சம்மர் கட்டை முதலில் முடித்துவிடுவோம் அம்மா. வேண்டாம். இலவசமாக மட்டுமல்ல, எதிர்ப்பணம் கொடுத்தாலும் வேண்டாம்.

பாம் நாய்க்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமாக, கொஞ்சம் முரடாக ஒன்று. அதற்கடியில் இலவம்பஞ்சு மாதிரி ஒன்று. அந்தப் பஞ்சுக்குள் நிற்கிற காற்று குளிரை மட்டுமல்ல, வெயிலையும் தடுக்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். 'முடியை எடுத்தால் காத்தோட்டமா இருக்குமே' என்பது மனுஷக் கணக்கு. ஒட்ட வழித்த பாமுக்கு முடி பழையபடி வர ஒரு வருஷம்கூட ஆகலாம். சிலதுக்குத் திட்டுத்திட்டாக நின்றுவிடும். அதுவும் நீங்கள் திரும்பி வரும்போது எடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாத மழை, பிடித்திருக்கும். அப்போது எதற்கு சம்மர் கட்?

அதற்குப் பதிலாகச் சீப்பைக் கேளுங்கள். இன்றைக்கு மணியின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். தொடைக்குள்ளும், கழுத்துப்பட்டை உரசுகிற இடத்திலும். எலுமிச்சங்காய் அளவுக்குச் சடை திரண்டிருக்கலாம். அதைப் பிரிக்காமல் தண்ணீர் ஊற்றினால் கயிற்று முடிச்சு மாதிரி இறுகிவிடும். சீப்பு முதலில், குளியல் பிறகு. நாய்க்கான ஷாம்புதான், நம்முடையது அதன் தோலுக்கு ஆகாது. துவட்டிய பிறகு மேல்முடி காய்ந்தது போலத் தெரியும். முடியை ஊதிப் பிரித்துத் தோலைத் தொட்டால் ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் அந்த ஈரத்தில்தான் புண் ஆரம்பிக்கும். கூண்டுக்குள் அடைத்து டிரையரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஆட்களும் உண்டு. சூடு தலைக்கேறி உயிரே போனாலும் போகும். "எப்படிக் காய வைப்பீங்க, பக்கத்துல யாரு நிப்பாங்க?" என்று கேளுங்கள்.

இனி போர்டிங். நான் 30 வருஷம் மாட்டு டாக்டர். ஊரில் நாய் பூனைக்கும் அதே டாக்டர்தான். அப்படிப்பட்ட நானே ஒரு தடவை ஏமாந்தேன். ஒரு கல்யாணத்துக்காக எங்கள் வீட்டு நாயை ஓர் இடத்தில் 5 நாள் விட்டேன். ஏசி அறை, கேமரா, வாசலில் வண்ண வண்ணப் படம், எல்லாம் இருந்தது. திரும்பி வந்து வாயைத் திறந்து பார்த்தால் ஈறெல்லாம் ரணம், கோரைப்பல் நுனி உடைந்திருக்கிறது. கம்பியைக் கடித்திருக்கிறாள். சாயங்காலம் 7 மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டு எல்லோரும் போய்விடுவார்களாம். மறுநாள் காலை 8 மணி வரை அங்கே நாய்கள் மட்டும்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்: ராத்திரி இங்கே யார் படுப்பார்கள்?

ஆகவே பாலக்காடா பொள்ளாச்சியா என்ற சண்டையை விடுங்கள். எங்கே ராத்திரி ஆள் படுக்கிறாரோ, எந்த டாக்டரைக் கூப்பிட்டால் எழுந்து வருவாரோ, அந்த இடம். படுக்கிற ஆளை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். இடி இடித்தால் மணி என்ன செய்வான் என்பதை முதலாளியிடம் சொல்லிப் பயனில்லை, அந்த ஆளிடம் சொல்லவேண்டும்.

சொல்லாமல் போங்கள், பின்கட்டைப் பாருங்கள். முன்னறை ஃபினாயில் வாசம் எல்லோரும் காட்டுவது. கழுவிய தண்ணீர் அடுத்த கூண்டு வழியாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். சுவர் விரிசலில் உண்ணி ஏறுகிறதா என்று பாருங்கள். நாய் மேலிருந்து இறங்கி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முக்கியமாக, உங்களிடம் ஊசிச் சான்றிதழ் கேட்காத இடத்தில் விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் பக்கத்துக் கூண்டுக்காரரிடமும் கேட்டிருக்க மாட்டார். ரேபிஸ் ஊசி இந்த வருஷத்துக்குப் போட்டிருக்கிறதா? பார்வோ, டிஸ்டெம்பர், எலிப்பனி (எலிக்காய்ச்சல்) ஆகிய நோய்களுக்கு எல்லாம் சேர்ந்த ஊசி? நாய்கள் கூடுகிற இடத்தில் தொற்றுகிற கென்னல் இருமலுக்குத் தனி மருந்து இருக்கிறது. எதுவும் போட்ட மறுநாளே பலன் தராது. 2 வாரம் முன்பே மிருகாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், உண்ணி மாத்திரையும் அங்கேயே கேளுங்கள். பஞ்சாயத்து லைசென்ஸ் இல்லையென்றால் கையோடு எடுத்துவிடலாம். கேரளத்தில் 1998ஆம் வருஷத்து விதிப்படி வளர்ப்பு நாய்க்கு அது வேண்டும், அதற்கும் ரேபிஸ் சான்றிதழ்தான் ஆதாரம்.

மாராத்தா சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் காலையும் மாலையும் போதாது. இருட்டினால் பன்றி வருகிற தோப்பு, இடி மின்னல், தனியாக ஒரு பாம் நாய். குரைத்துக் குரைத்தே துவண்டுவிடும். "12 நாளும் திண்ணையிலாவது வந்து படுத்துக்க, கூலி தனி" என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் போர்டிங்கே வேண்டாம். மணிக்குத் தன் வீடு, தெரிந்த முகம், பழைய சோற்றுத்தட்டு. என் ஓட்டு அதற்குத்தான். அவளுக்கும் வீடு வாசல் இருக்கிறது, முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள்.

முடியாது என்றால் போர்டிங். ஆனால் நேராக 12 நாள் வேண்டாம். ஊசியெல்லாம் சரியாக இருந்தால் இந்த வாரமே, இல்லையென்றால் ஊசி பலன் தந்தபிறகு, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். முதல் வேளை சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அது சகஜம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் அந்த இடம் அவனுக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் போடுகிற சோறே அவனோடு போகட்டும். திடீரென்று பாக்கெட் தீனிக்கு மாற்றினால் வயிறு போகும். கூடவே நீங்கள் உடுத்திக் களைந்த பழைய சேலை ஒன்று, துவைக்காமல், உங்கள் வாசனைக்காக.

உங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மணிக்குத் தமிழ்தான் தெரியும். பாலக்காட்டு ஆள் "இரி" என்பார், உட்காரச் சொல்லி. உங்கள் வீட்டில் "இருடா" என்றால் அப்படியே நில் என்று பழக்கியிருப்பீர்கள். அவர் இரி இரி என்க, இவன் நட்ட கல்லாக நிற்பான். பிடிவாதக்கார நாய் என்று பெயர் வந்துவிடும். பராமரிக்கிற பையன் அசாமோ வங்காளமோ என்றால் உட்காரச் சொல்லி இந்தியில் "பைட்டோ" என்பான், அதற்கு இவன் வாலைக்கூட ஆட்ட மாட்டான். ஒரு தாளில் நீங்கள் சொல்லுகிற ஐந்தாறு வார்த்தைகளை எழுதி, அர்த்தத்தை மலையாளத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். 'வா', 'போ' இரண்டுக்கும் கவலையில்லை.

அதே தாளில் உங்கள் டாக்டர் நம்பர், பக்கத்தில் இருக்கிற ஓர் உறவுக்காரர் நம்பர், அவசரமென்றால் எவ்வளவு வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்ற தொகை. அவர்கள் நீட்டுகிற படிவத்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல' என்று இருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கவில்லையா, அடுத்த இடம் பார்க்கலாம்.

கூட்டி வருகிற அன்றைக்குக் காலையில் போங்கள், வெளிச்சத்தில். விரலிடுக்கு, காது மடலின் உள்பக்கம், வாலடி. வண்டியில் ஏற்றுமுன் அங்கேயே தடவிப் பாருங்கள். மிளகு போல் ஏதாவது தட்டுப்பட்டால் அவர்களிடம் காட்டுங்கள். அதன்பின் 3 வாரம் வரை சோர்ந்து படுக்கிறானா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். இருந்தால் ரத்தப் பரிசோதனை உடனே. உண்ணிக் காய்ச்சலில் ஒரு நாள் தாமதமும் பெரிய தாமதம்.