லடாக் ஷாம் பகுதியில் மடாலய நடைப்பயணம்: கேள்வி பதில்

லேயிலிருந்து ஸ்ரீநகர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் மேற்கே போனால் லிக்கிர். அங்கிருந்து யாங்தாங், ஹெமிஸ் சுக்பச்சன், தெமிஸ்காம் என்று ஊர் ஊராக மூன்று நாள் நடக்கும் பாதையைத்தான் ஷாம் நடை என்கிறார்கள். லிக்கிர், ரிசோங், அல்ச்சி, லாமாயுரு மடாலயங்களையும் சேர்த்து, வழிகாட்டியோடு போக நினைப்பவர்கள் கேட்டவையும் பதில்களும்.

கேள்வி (சென்னை): வணக்கம் சார். நடை மூன்றே நாள்தானாம். வெள்ளி இரவு கிளம்பினால் அடுத்த புதன்கிழமை வீடு திரும்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். 10 நாள் ஒதுக்குங்கள். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானம் ஒரே காலையில் அங்கே இறக்கிவிடும், உடம்பு பழக இரண்டு மூன்று நாள் ஆகும். இறங்கியவுடன் பலருக்கும் ஒன்றும் தெரியாது. அதை நம்பிக் கடைத்தெரு, சாந்தி ஸ்தூபிப் படிக்கட்டு என்று சுற்றினால் இரவில் தலைவலியும் குமட்டலும் பிடித்துக்கொள்ளும்.

பலர் யோசிக்காத ஒரு வழி உண்டு. முதல் இரண்டு இரவை லேயில் கழிக்காமல், விமான நிலையத்திலிருந்தே வண்டி பிடித்து அல்ச்சிக்குப் போய்விடுங்கள். அல்ச்சி சுமார் 3,100 மீட்டர். லேயைவிட 400 மீட்டர் தாழ்வு, வழியில் பெரிய கணவாயும் இல்லை. நன்றாகத் தூக்கம் வரும். மூன்றாம் நாள் லிக்கிர். நான்காம் நாள் நடந்து யாங்தாங். ஐந்தாம் நாள் ரிசோங் போய்த் திரும்பி மறுபடி யாங்தாங். ஆறில் ஹெமிஸ் சுக்பச்சன், ஏழில் தெமிஸ்காம், எட்டில் வண்டியில் லாமாயுரு. ஒன்பதாம் நாள் இரவு லேயில் இருந்தே ஆக வேண்டும். மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும் என்பதால் லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே கிளம்பிவிடும்.

கேள்வி (ஈரோடு): அப்பாவுக்கு 62 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் 5 கிலோமீட்டர் நடப்பவர். அழைத்துப் போகலாமா? டயமாக்ஸ் கொடுக்கலாமா?

பதில்: வயது தடையே இல்லை. பிரஷர் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் போகலாம், ஆனால் அவருடைய மருத்துவரிடம் "3,500 மீட்டரில் பத்து நாள்" என்று உயரத்தைச் சொல்லியே கேளுங்கள். "டூர் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவர் ஊட்டியை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்.

டயமாக்ஸ் என்பது உயரநோயைத் தடுக்கக் கொடுக்கும் அசிட்டசோலமைடு. முன்தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. பயணத்துக்கு முந்தைய நாளே தொடங்கி, போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு நாள் தொடர்வார்கள். கடையில் பெரும்பாலும் 250 மில்லிகிராம் மாத்திரைதான் கிடைக்கும். அதை முழுசாகப் போட்டுவிட்டு விரல் நுனி மரத்துப்போகிறது, நிமிஷத்துக்கு நிமிஷம் சிறுநீர் வருகிறது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. மருந்தின் குணமே அதுதான், அளவு கூடினால் தொந்தரவும் கூடும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அப்பா பிரஷருக்கு நீர்மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் குறையலாம்.

தினமும் 5 கிலோமீட்டர் நடப்பது காலுக்கு நல்லது. உயரநோய்க்கு அது கவசம் இல்லை. நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர்கள்தான் வேகமாக ஏறி முதலில் படுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி (மதுரை): பழைய ட்ரெக்கிங் ஷூ ஒன்று பரணில் இருக்கிறது, இரண்டு தடவைதான் போட்டது. அதுவே போதுமா அண்ணா?

பதில்: எத்தனை வருஷமாகப் பரணில் இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே மெத்தென்று ஒரு பாலியூரித்தேன் அடுக்கு இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். இரண்டு மணி நேரம் நடந்ததும் அடிப்பாகம் வாய் பிளந்துகொள்ளும். கட்டைவிரலால் அந்த அடுக்கை அழுத்திப் பாருங்கள். சுருக்கம் விட்டு வெடித்தாலோ, மாவாக உதிர்ந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். நன்றாக இருந்தாலும், கிளம்பும் முன் மூன்று வாரம் அதைப் போட்டுக்கொண்டே நடங்கள்.

ஷாம் பாதை உதிரிச் சரளை. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கால் வழுக்கும். கணுக்கால் மூடிய ஷூ, ஒரு கைக்கோல், வெட்டிய கால் நகம். இறங்கும் முன் லேஸைக் கணுக்கால் மடிப்பில் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல்கள் முன்னால் போய் முட்டி, நகம் கறுத்துவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): இந்த ஊர்களுக்கெல்லாம் இப்போது சாலை வந்துவிட்டது, மொபைலில் மேப் இருக்கிறது. வழிகாட்டிக்கு எதற்குத் தனியாகப் பணம்?

பதில்: வழி கண்டுபிடிக்க மட்டும் என்றால் அவர் தேவையில்லைதான். ஆனால் இந்தப் பயணத்தில் பாதியும் கதவுக்கு உள்ளே இருக்கிறது. சின்னக் கோயில்கள் பூட்டித்தான் கிடக்கும். சாவி கொன்யேர் எனப்படும் கோயில் பொறுப்பாளரிடம் இருக்கும், அவர் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார். யார் வீட்டில், எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்பது லடாக்கி பேசும் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். பூசை எத்தனை மணிக்கு, எந்த மண்டபத்தில் என்பதும் அப்படியே.

அவரே கணவாயில் காற்று எழும்புவதற்கு முன் உங்களைக் கடக்க வைப்பார். நல்ல வழிகாட்டி காலை ஏழு மணிக்குள் கிளப்பிவிடுவார். ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று தாராளம் காட்டுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எடுத்து வருவீர்களா? ஒருவருக்கு முடியாமல் போனால் வண்டி எங்கே வந்து ஏற்றும்? அவரோடு யார் இறங்குவார்கள், மீதிப் பேரோடு யார் நடப்பார்கள்? மூன்றாவதற்குத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): கோயிலுக்குப் போகிற மாதிரி நடந்துகொண்டால் போதுமா, வேறு முறைகள் உண்டா?

பதில்: பெரும்பாலும் அதேதான். செருப்பை வெளியே விட வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், வலம் வர வேண்டும். பாதையில் வரும் சோர்டென் எனும் ஸ்தூபிகளையும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவர்களையும் உங்கள் வலக்கைப் பக்கம் விட்டுப் போங்கள். நேர்வழி அவற்றின் வலப்பக்கமாகப் போனாலும், இடப்பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். அடுக்கிய கல்லில் ஒன்றைக்கூட நினைவுப்பொருளாக எடுக்கக் கூடாது.

வேறுபாடு சிலதில். துக்காங் என்னும் கூட்ட மண்டபத்தில் பூசை நடக்கும்போது சுவரோரமாக உட்காருங்கள், நடுவில் துறவிகளின் வரிசைக்குக் குறுக்கே போகாதீர்கள். சிலைகளை நோக்கிக் கால் நீட்டாதீர்கள். கோன்காங் என்பது காவல் தெய்வங்களின் இருட்டறை. சில மடாலயங்களில் வெளியாட்களுக்கு, சிலவற்றில் பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. கேட்டுவிட்டே வாசற்படி தாண்டுங்கள். தெய்வச் சிலையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தால் அதை விலக்கிப் பார்க்க முயல வேண்டாம்.

முதுகுப்பையைக் கட்டாயம் வெளியே வையுங்கள். சுவர் மண் பூச்சு, அதன்மேல்தான் ஓவியம். குறுகலான இடத்தில் ஒரு தடவை திரும்பினால் போதும், பையின் கொக்கி பல நூறு வருஷத்து நிறத்தை வழித்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி (புதுச்சேரி): அல்ச்சிக்குப் போனவர்கள் "சின்னதாக, இருட்டாக இருந்தது" என்கிறார்கள். அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அல்ச்சியில் அவசரப்பட்டால் இருட்டுத்தான் மிஞ்சும். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் நில்லுங்கள், கண் பழகட்டும். சிறிய டார்ச் ஒன்று போதும், அதையும் அனுமதி கேட்டே அடியுங்கள். உள்ளே படம் எடுக்கத் தடை.

கோயில்கள் 11 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. காஷ்மீரக் கைவண்ணம். காஷ்மீரிலேயே அந்தக் காலத்து ஓவியம் அழிந்துவிட்டதால், அது எப்படி இருந்தது என்பதை இங்கேதான் பார்க்க முடியும். சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கோயிலுக்குள் மூன்று மாடங்களில் அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ என்ற மூன்று போதிசத்துவர்கள் நிற்கிறார்கள். ஆளைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம், தலை மேல் அடுக்குக்குள் போய்விடும். எல்லோரும் அண்ணாந்து முகத்தைத் தேடுவார்கள். நீங்கள் வேட்டியைப் பாருங்கள். அவலோகிதேஸ்வரரின் வேட்டி முழுக்க மாளிகைகள், கோயில்கள், வழிபடும் மனிதர்கள். மைத்ரேயரின் வேட்டியில் வட்ட வட்டமாகப் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 சித்தர்கள், ஒவ்வொருவரும் தனித்தனித் தோற்றத்தில். ஒரு வேட்டிக்குக் கால் மணி நேரம் கொடுத்தாலும் தகும். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று நம் வீரசோழியம் சொல்கிறதே, அந்த அவலோகிதர்தான் இவர். அந்த நூலும் 11ஆம் நூற்றாண்டுதான்.

அல்ச்சியை லிக்கிர் மடாலயத்துத் துறவிகள்தான் கவனித்துக்கொள்கிறார்கள். 1065இல் தோன்றியதாக மரபு சொல்லும் லிக்கிரில் இன்று எல்லோர் கண்ணும் 75 அடி மைத்ரேயர் சிலைமேல் போகும், அது 1999இல் முடிந்தது. பழையதைப் பார்க்க வேண்டுமானால் மண்டபங்களுக்குள் போங்கள்.

கேள்வி (சேலம்): சுத்த சைவம். வீட்டுத் தங்கலில் என்ன கிடைக்கும்? கழிப்பறை எப்படி அக்கா?

பதில்: சைவத்துக்குக் கஷ்டமே இல்லைம்மா. காலையில் கம்பீர் என்ற தடித்த ரொட்டி, ஆப்ரிகாட் ஜாம். இரவில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப், அல்லது ஸ்க்யூ. ஸ்க்யூ என்பது கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்திக் கிண்ணம் போலாக்கிக் காய்கறியோடு வேகவைப்பது. இறைச்சி சேர்க்கும் வழக்கமும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெண்ணெய்த் தேநீர் உப்புக் கரிக்கும். டீ என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, சூப் என்று நினைத்துக் குடியுங்கள். கோப்பை காலியானால் உடனே நிரப்புவார்கள், போதுமென்றால் கடைசிவரை கொஞ்சம் மீதி வைத்திருங்கள்.

கழிப்பறை பல வீடுகளில் உலர்முறைதான். மாடியறையில் தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியலும் மண்வாரியும். போன பிறகு மண்ணையோ சாம்பலையோ தள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் மட்காது, நாற்றம் எடுக்கும், அடுத்த வருஷம் வயலுக்கு எருவாகவும் ஆகாது. நமக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாதே என்றால், ஈரத் துடைதாள் கொண்டுபோய், அதைத் துளையில் போடாமல் பையில் கட்டி லேக்குத் திரும்ப எடுத்து வாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): போன், பணம்?

பதில்: வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். பணத்தை லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன நோட்டாக.

கேள்வி (பெங்களூரு): எந்த மாதம் நல்லது? ரிசோங் போகும் பள்ளத்தாக்கில் தண்ணீர் வரும் என்கிறார்களே?

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை. என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி: வானம் தெளிவு, அறுவடை நேரம், ஓடையில் தண்ணீர் குறைவு. இமயத்தின் மழைமறைவில் இருப்பதால் லேயில் ஆண்டு மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அதனால் மண் இறுகிப் பிடிக்காது. கொஞ்ச நேரம் கனமழை கொட்டினாலும் சேறும் பாறையுமாக இறங்கிவிடும். 2010 ஆகஸ்டில் லேயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டது அப்படித்தான்.

யாங்தாங்கிலிருந்து ரிசோங்குக்கு இறங்கும் பாதை ஓடையை ஒட்டியே போகிறது, இரண்டரை முதல் மூன்று மணி நேரம். காலையில் கல் தாண்டிப் போன இடத்தில் மாலையில் முழங்கால் அளவு ஓடலாம். பகல் வெயிலில் மேலே பனி உருகிக் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது, அதுதான் காரணம். ஆறரை மணிக்கே கிளம்புங்கள். மேலே கருமேகம் நின்றால் அன்று ரிசோங்கை விட்டுவிடுங்கள், அல்லது சாலை வழியாக வண்டியில் போங்கள். 1831இல் தொடங்கிய மடாலயம், துறவிகளுக்கான விநய விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதற்குப் பேர் போனது. பள்ளத்தாக்கின் முட்டில், மலைச்சரிவில் வெள்ளை வெள்ளையாகப் படிகட்டியது போல நிற்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் எப்போது பயப்பட வேண்டும்?

பதில்: தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை மட்டும் என்றால் அங்கேயே தங்குங்கள், மேலே ஏறாதீர்கள். ஒரு நாளில் சரியாகவில்லை என்றால் இறங்குங்கள்.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, அதோடு இருமல்: நுரையீரலில் நீர் கோக்கிறது. தள்ளாட்டமும் பேச்சுக் குழப்பமும்: மூளை வீங்குகிறது. சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலோடு விரல் நுனி ஒட்டும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். அப்படிப் பத்தடி நேராக வைக்க முடியாதவரை அந்த நிமிஷமே கீழே இறக்க வேண்டும், இரவானாலும் சரி. தூக்க மாத்திரையோ மதுவோ கொடுத்துப் படுக்க வைத்தால் மூச்சு இன்னும் மந்தப்படும்.

ஷாம் பாதையைப் புதியவர்களுக்குத் துணிந்து சொல்வது இதனால்தான். கணவாய்கள் எதுவும் 4,000 மீட்டரைத் தொடுவதில்லை. தங்கும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் சிந்து நதிக்கரைக்குச் சாலை உண்டு, அந்தக் கரையில் உள்ள கால்சி ஊரில் உயரம் சுமார் 3,000 மீட்டர்தான். லேயில் இருக்கும்போது முடியாமல் போனால் சாலை வழியாக மணாலிக்கு இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சாலை 5,300 மீட்டர் தாங்லாங் லா வரை ஏறிவிட்டுத்தான் இறங்கும். லேயிலேயே ஆக்சிஜன், எஸ்.என்.எம். மருத்துவமனை, பிறகு விமானம்.

கேள்வி (காரைக்குடி): லாமாயுருவை வண்டியிலேயே பார்த்துவிட்டுத் திரும்பலாமா, அங்கேயும் நடக்க வேண்டுமா?

பதில்: காலில் தெம்பு இருந்தால் நடங்கள். மடாலயத்தில் காலைப் பூசை பார்த்துவிட்டு, பிரின்கிட்டி லா என்ற கணவாய் வழியாக வன்லாவுக்கு மூன்று நான்கு மணி நேரம். ஏற்றம் சிறியது. மறுபக்கம் இறங்கும் பள்ளம் குறுகலானது, நிழலே இருக்காது, இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய்க்குப் போகும்போது திரும்பிப் பார்த்தால், வற்றிப்போன பழைய ஏரியின் மஞ்சள் வண்டல் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அதன் ஓரத்தில்தான் மடாலயம் உட்கார்ந்திருக்கிறது. வன்லாவின் பழைய கோயிலில் பதினொரு தலை அவலோகிதேஸ்வரர். அதுவும் பூட்டித்தான் இருக்கும், சாவிக்கு முந்தின நாளே சொல்லி வைக்கும்படி வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.